இரண்டாம் பரிசு வாங்கிய கூடு

நம்ம போட்டோகிராபி கிளப்பின் வருடாந்திரப் போட்டி அறிவிப்பு போன வாரம் எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. இந்த வருடத் தலைப்பு "என் வீட்டுத் தோட்டத்து உயிர்கள்". பறவை, அணில், ஓணான், பூச்சி எதுவானாலும் சரி, ஆனால் சொந்த வீட்டிலோ மொட்டை மாடியிலோ எடுத்ததாக இருக்கணும். நல்ல தலைப்பு. வேடந்தாங்கலுக்கு வண்டி பிடிக்க வேண்டாம், லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டாம். முருங்கை மரமும் துணி துவைக்கிற கல்லும் இருந்தால் போதும்.

அறிவிப்பில் ஒன்பது விதிகள் இருக்கின்றன. வாட்டர்மார்க் கூடாது, ஏ.ஐ.யில் செய்த படம் கூடாது, இன்னொருத்தர் படத்தை அனுப்பக் கூடாது, இப்படி. பத்தாவதாக ஒரு விதி சேர்க்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூட்டில் இருக்கும் பறவை, முட்டை, குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சி ஆகிய படங்களைப் போட்டிக்கு ஏற்கக் கூடாது. அழகா இருந்தாலும் சரி, எப்படி எடுத்ததாக இருந்தாலும் சரி.

"டேய், போன வருஷம் நீயே அந்த மாதிரி படத்துக்குத்தானே ரெண்டாவது பரிசு வாங்கின?" என்று சிலர் கேட்கப் போகிறீர்கள். ஆமாம். அந்தப் படத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விதியைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் வீடு மேலூர் பக்கம். பின்னாடி ஒரு மூணு சென்ட் இடம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கறிவேப்பிலை, செம்பருத்தி, கிணத்தடியில் ஒரு மாதுளை. இரண்டாம் வருட மே மாத லீவில் அந்த மாதுளையில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்று புத்தகத்தில் இருக்கும். கட்டை விரலை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆண் வெயிலில் மின்னும். பெண் மங்கலான பழுப்பு, வயிறு மட்டும் மஞ்சள். கூடு கட்டுகிற வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. எங்கள் சமையல்கட்டு ஜன்னல் மூலையில் இருந்த நூலாம்படையை அது வந்து வந்து எடுத்துக்கொண்டு போவதை முதலில் பார்த்தது அப்பத்தாதான். அதன் பிறகு அந்த மூலையை மட்டும் யாரும் ஒட்டடை அடிக்கவில்லை.

தேன்சிட்டுக் கூட்டைப் பார்க்காதவர்களுக்காக: கிளை நுனியில் தொங்குகிற ஒரு சின்னப் பை. நார், காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாவற்றையும் நூலாம்படையால் ஒட்டிக் கட்டியிருக்கும். ஒரு பக்கத்தில் வாசல், வாசலுக்கு மேலே வீட்டுத் திண்ணைக்கு இறக்கின தாழ்வாரம் மாதிரி ஒரு நீட்டல். தள்ளி நின்று பார்த்தால் குப்பை ஏதோ காற்றில் மாட்டித் தொங்குகிற மாதிரிதான் தெரியும். அப்படித் தெரியணும் என்பதுதான் அதன் பாதுகாப்பு. கூட்டுக்கு முன்னால் ஒரு இலைக்கொத்து மறைத்துக்கொண்டிருந்தது.

என்னிடம் இருந்தது மாமாவின் பழைய கேனான் 1300டி, கூடவே 55-250 லென்ஸ். நாலடி தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அந்த இலைக்கொத்து எல்லாப் படத்திலும் பச்சைக் கறையாக வந்து விழுந்தது. எழுந்து போய், அந்தக் கிளையை வளைத்து, சணல் கயிற்றால் கொடிக்கம்பியோடு இழுத்துக் கட்டினேன்.

அப்பத்தா பார்த்துவிட்டது. "ஏய்யா, அந்தக் கெளைய இழுத்துக் கட்டாத. மறைப்பு வேணும்னுதான அது அங்கன கட்டியிருக்கு."

"பத்து நிமிசம் அப்பத்தா. எடுத்துட்டு அவுத்து விட்டுர்றேன்."

படம் கிடைத்தது. பெண் குருவி வாயில் சிலந்தியோடு வாசலில் தொற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே இரண்டு வாய் ஆரஞ்சு நிறத்தில் திறந்திருக்கிறது. கண்ணில் வெளிச்சப் புள்ளிகூட விழுந்திருக்கிறது. பேய் பிடித்த மாதிரி உள்ளே ஓடினேன். லேப்டாப்பில் ஏற்றி, கிராப் பண்ணி, கலர் சரி பண்ணி, போஸ்ட் போட்டு, லைக் எண்ணிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

கயிற்றை அவிழ்க்கவில்லை.

நாலரை மணிக்கு எழுந்து போனபோது கூடு பக்கவாட்டில் கிழிந்து தொங்கியது. கீழே ஒரு குஞ்சு, அதன் மேல் எறும்பு. இன்னொன்று இல்லை. காக்காவா, செம்போத்தா, பக்கத்து வீட்டுப் பூனையா, நான் பார்க்கவில்லை. கயிறு கட்டாமல் இருந்திருந்தாலும் அது நடந்திருக்கலாம். அதை என்னால் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் அந்த மே மாத வெயில் நாலு மணி நேரம் நேராக அந்த வாசலில் விழுந்தது என்பது தெரியும். கிணற்றுச் சுவரில் உட்காரும் எந்தக் காக்காவுக்கும் அந்த வாசல் நேராகத் தெரிந்தது என்பதும் தெரியும். மறுநாள் காலையில் பெண் குருவி வாயில் எதையோ கவ்விக்கொண்டு அந்தக் கிளைக்கு இரண்டு தடவை வந்து போனது. அப்பத்தா என்னைத் திட்டவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கிணற்றுத் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

போஸ்டுக்கு நான் போட்டிருந்த கேப்ஷன் "தாய்மை". 412 லைக். போட்டியில் நடுவர்கள் "உணர்ச்சிகரமான தருணம்" என்றார்கள். பரிசாகக் கிடைத்த ட்ரைபாடில் இப்போது ஹாஸ்டல் ரூமில் துண்டு காய்கிறது.

சரி, ஒருத்தன் கயிற்றை அவிழ்க்க மறந்ததற்கு எல்லாரையும் எதுக்குத் தடுக்கணும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் முதல் வருட எலக்ட்ரிகல் லேபில் இருக்கிறது. இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு 10 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 5 வோல்ட் இருக்கணும். அதே 1 மெகா ஓம் இன்புட் ரெசிஸ்டன்ஸ் உள்ள மட்டமான மீட்டரை ஒன்றின் குறுக்கே வைத்துப் பாருங்கள், 3.3 தான் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டரை வைத்ததுமே அங்கே 3.3 ஆகிவிட்டது. அளக்கப் போனவனே சர்க்யூட்டை மாற்றிவிட்டான். 'லோடிங் எபெக்ட்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள்தானே நாம் எல்லாரும்.

கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்பவன் அந்த மட்டமான மீட்டர். அவன் கிளையைத் தொடாவிட்டாலும் சர்க்யூட் மாறுகிறது. அவன் நிற்கிற வரை தாய்ப்பறவை கூட்டுக்கு வராது, எதிர்க் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். கத்தல் நமக்கு மட்டுமா கேட்கிறது? வால்காக்கைக்கும் கேட்கிறது. முட்டையாக இருந்தால் அந்த நேரத்தில் சூடு குறைகிறது, வெயில் காலமானால் கூடிப்போகிறது. இறக்கை முளைத்த குஞ்சாக இருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் ஆள் வந்ததும் பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். குதித்ததைத் திரும்ப உள்ளே வைத்தாலும் பல நேரம் நிற்காது. சின்னான் குஞ்சுகள் இப்படிக் குதிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"இயற்கையிலேயே பாதிக்கு மேல கூடு அழிஞ்சுதான் போகுது, காக்கா சாப்பிடுறது தப்பா?" இதுவும் நம் ரூமில் வந்த வாதம்தான். காக்கா சாப்பிடுவது தப்பில்லை. அணில் முட்டை தின்பதும் தப்பில்லை. ஆனால் நாம் டிசைன் படிக்கிறவர்கள். ஏற்கெனவே பாதுகாப்புக் காரணி ஒன்றுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கட்டமைப்பின் மேல், "எப்படியும் விழப்போற கட்டடம்தானே" என்று சொல்லி இன்னொரு லோடை ஏற்றுவோமா?

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பயமுறுத்த இல்லை, பலருக்குத் தெரியாது என்பதற்காக. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்துக்குள், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி வைத்தவன் மட்டும் வேட்டைக்காரன் இல்லை. கூடு உங்கள் வீட்டு மாதுளையில் இருக்கிறது என்பதால் அந்தப் பறவை உங்கள் வீட்டுக் கோழி ஆகிவிடாது. சணல் கயிற்றோடு நான் நின்றதற்கு அந்தச் சட்டத்தில் என்ன பெயர் என்று பின்னாளில் படித்தபோது உண்மையாகவே வியர்த்தது.

காட்டுயிர்ப் படங்களுக்கான போட்டிகளும் இணையதளங்களும் பல, கூட்டுப் படங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டன. காரணம் எளிது. ஒரு படத்தைப் பார்த்து அதை எடுத்தவன் நாற்பதடி தள்ளி மறைவில் உட்கார்ந்து எடுத்தானா, கிளையை வெட்டி எடுத்தானா என்று நடுவரால் சொல்ல முடியாது. என் படத்தில் கயிறு தெரிகிறதா? கிராப் பண்ணிவிட்டேன். ஒழுங்காக எடுக்கிற ஒருத்தனுக்குப் பரிசு கொடுத்தால், அதைப் பார்த்து ஸ்டூல் போடப் போகிற இருபது பேருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதனால்தான் "எப்படி எடுத்ததாக இருந்தாலும் சரி" என்று மேலே எழுதினேன்.

கூட இன்னொன்று. பறவைக் குரல் ஆப்பில் சத்தத்தைப் போட்டு வரவழைத்துப் படம் எடுப்பது நம் ஹாஸ்டலில் இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்துத்தான் அந்தக் குண்டுக்கரிச்சான் சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய காலை நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அது அலைகிறது, நாம் "செம்ம போஸ்" என்கிறோம். இதையும் விதியில் சேர்க்கலாம். ஆனால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் கேட்டுக்கொள்ள மட்டும் செய்கிறேன்.

இதெல்லாம் கூடாது என்றால் வீட்டுத் தோட்டத்தில் வேறு என்னதான் எடுப்பது? இந்தக் கேள்விக்கு நான் ரொம்ப சந்தோஷமாகப் பதில் சொல்வேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் செய்வது இதுதான்.

முதலில் தண்ணி. ஒரு அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க இடமில்லாத மாதிரி திறந்த இடத்தில், ஒரு திட்டின் மேல் வையுங்கள். தினமும் தண்ணியை மாற்றணும், இல்லாவிட்டால் பறவைக்கு முன்னால் கொசு குடிவந்துவிடும். முதல் நாலு நாள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு காக்கா வந்து, எங்கிருந்தோ கொண்டு வந்த காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் போனது. இரண்டாவது வாரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. எட்டு உருப்படி. ஒன்று குளிக்கும், மற்றது வரிசையில் நிற்காது, மேலேயே ஏறும். நம்ம மெஸ்ஸேதான்.

அப்புறம் இடம். நான் இப்போது தோட்டத்துக்குள் போவதே இல்லை. சமையல்கட்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே லென்ஸை வைத்துவிட்டு, பழைய சேலைத் துணியைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மா பின்னால் தாளித்துக்கொண்டிருக்கும், எனக்குக் கண் எரியும், குருவிக்குக் கவலை இல்லை. தட்டுக்கும் ஜன்னலுக்கும் பன்னிரண்டு அடி. 250 எம்.எம். லென்ஸ் அந்தச் சின்ன சென்சாரில் 400 எம்.எம். அளவுக்குக் கோணத்தைக் குறுக்கிவிடுவதால் தவிட்டுக்குருவி பிரேமில் தாராளமாக நிறையும். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வெளிச்சம் பக்கவாட்டில் வரும், அதை விட்டால் எடுக்காதீர்கள், எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும். தேன்சிட்டு செம்பருத்தியில் நிற்கும்போது ஷட்டர் ஸ்பீட் 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தால் மணல் மணலாக வருகிறது என்று நம்ம ஆட்கள் அழுகிறார்கள். வரட்டும். மணல் இருக்கிற கூர்மையான படம், மணல் இல்லாத மங்கல் படத்தை விட மேல்.

கேமரா இல்லாதவர்கள் போனை வைத்துப் பறவையைத் துரத்த வேண்டாம். டிஜிட்டல் ஜூம் என்பது கிராப்பின் இன்னொரு பெயர். போனுக்கு ஏற்றது பக்கத்தில் போனாலும் பதறாத உயிர்கள். கறிவேப்பிலைச் செடியைத் திருப்பிப் பாருங்கள், பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழகி வண்ணத்துப்பூச்சியின் சின்னப் புழு. எச்சம் மாதிரி இருந்தால் யாரும் தின்ன மாட்டார்கள் இல்லையா? வளர வளரத் தோலுரித்துப் பச்சையாகிவிடும். ஒரே புழுவை முட்டையிலிருந்து சிறகு வரை தினம் ஒரு படம் எடுத்தால் ஒரு மாதத்துக்குள் முழுக் கதையும் உங்கள் போனில் இருக்கும். எருக்கஞ்செடியில் இன்னொரு வகை கிடைக்கும். வேலியில் ஓணான் ஆண் தலை சிவந்து தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும், ஜிம் பசங்க கவனிக்கவும். இதில் எதையும் நீங்கள் கையால் எடுத்து வேறு இலையில் 'நல்ல பேக்ரவுண்டுக்காக' வைக்கக் கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு.

சரணாலயத்தில் கிடைக்காத ஒன்று வீட்டில் கிடைக்கிறது என்பதையும் இந்த ஒரு வருடத்தில்தான் உணர்ந்தேன். அங்கே நாம் பார்ப்பது 'ஒரு நாரை'. வீட்டில் பார்ப்பது 'அந்தத் தவிட்டுக்குருவி', இடது காலில் ஒரு விரல் இல்லாதது. அது கடைசியாகத்தான் குளிக்கும். இதைப் படம் சொல்லாது, உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். நம் ஊர்க்காரரான மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1950லிருந்து இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார், கறுப்பு வெள்ளையில் படமும் எடுத்தார். யானையைத் தேடிக் காட்டுக்குப் போன அதே ஆள் காக்காவையும் அணிலையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். அவரைப் படிக்காமல் லென்ஸ் ரிவ்யூ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே என்று இருக்கிறது. பிப்ரவரியில் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் தேவை. பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணிப் பட்டியல் போட்டால் போதும். படம் கேட்பதில்லை.

கிளப் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பத்தாவது விதியைச் சேர்க்கும்படி கேட்டு, கூடவே என் போன வருடச் சான்றிதழைத் திருப்பி வைத்து. ட்ரைபாடையும் கொடுத்துவிடுகிறேன், துண்டை எடுத்ததும். போஸ்டை நீக்கவில்லை. கேப்ஷனை மட்டும் மாற்றி, நடந்ததை எழுதியிருக்கிறேன். லைக் பத்து குறைந்திருக்கிறது.

போன வாரம் அம்மா போனில் சொன்னது: கறிவேப்பிலைச் செடியில் சின்னான் கூடு கட்டியிருக்கிறதாம். அப்பத்தா அந்தப் பக்கமே போகாமல் ரசத்துக்குப் பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்டு வாங்குகிறதாம். "மூணு முட்டைடா, படம் எடுத்து அனுப்பவா?" என்று அம்மா கேட்டது. வேண்டாம்மா என்றேன். பின்னாலிருந்து அப்பத்தா குரல் கேட்டது: "எட்டிப் பாக்காதன்னு நான் சொன்னேன்ல?"

போட்டிக்குக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. நான் அனுப்பப்போவது விரல் இல்லாத தவிட்டுக்குருவி குளிக்கும் படம். தண்ணி தெறித்து முகம் பாதி மறைந்திருக்கிறது, ஜன்னல் கம்பி ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. இந்தத் தடவை நான் கிராப் பண்ணவில்லை.